நாற்காலிக்கு எந்தப் பசை

கடலே இல்லாத பெங்களூரில் எங்கள் வீட்டுச் சந்தில் ஒரு படகு கிடக்கிறது என்று சொன்னால் உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். எங்கள் தெருவில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர்கள் யாரும் சிரித்ததில்லை.

ஈஜிபுராவின் தாழ்ந்த பக்கத்தில், ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயை ஒட்டியது எங்கள் தெரு. மேட்டுப் பக்கத்தில் பெய்கிற மழையெல்லாம் முகவரி கேட்காமல் எங்களைத் தேடி வந்துவிடும். கால்வாய் நிரம்பிவிட்டால் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அதில் பாதி சாக்கடை. வீடுகளைப் படி வைத்து உயர்த்திக் கட்டியிருப்பதால் உள்ளே வராது. நாம்தான் வெளியே போக முடியாது. மற்றவர்களுக்கு இது ஒரு தொல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பிரெட்டும் ஊறுகாயும் தின்று சமாளிப்பார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். ஒன்று தவறினால் உடம்பு வீங்கும், இன்னொன்றும் தவறினால் மூச்சு முட்டும்.

"என் டேங்குக்கு இன்லெட் மட்டும்தான், அவுட்லெட் கெடையாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

டேங்க் என்று அவர் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்த அவர், படிப்பு ஏறாமல், பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளும் பாத்ரூம் கதவுகளும் செய்கிற இடம். உடம்பு கெடும்வரை அங்கேதான் இருந்தார். கோலார் தங்கவயலில் இருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அவர் முதலில் காட்டிய ஊர்ப் பெருமை எது தெரியுமா? பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கைநீட்டி, "அந்த மாடில இருக்குது பாரு, அது நான் செஞ்ச தொட்டி" என்பார்.

படகுக்கு முந்தைய வருட மழையில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. இரண்டு முறை தொடர்ந்து டயாலிசிஸ் தவறிப்போய், அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நுரையீரலில் தண்ணீர் ஏறி, மூச்சு கொரகொரவென்று சத்தம் போட்டது. எந்த வண்டியும் வரவில்லை. கடைசியில் கால்வாய் அடைப்பை எடுக்க வந்த ஜேசிபிக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மண் அள்ளும் தொட்டியில் அவரைக் கிடத்தி, பிணத்தைத் தூக்குவது போலத் தூக்கி, மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார். பிழைத்து வந்தார். ஆனால் அந்த அவமானம் அவரை விடவில்லை.

"மண்ணு மாதிரி அள்ளிக்கினு போனாங்கமே என்னை" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பழைய முதலாளிக்கு போன் போட்டு, பட்டறையில் ஒரு மூலையும் மிச்சம் மீதிப் பொருளும் கேட்டார். அவர் நல்ல மனிதர், கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கூட்டாளிகள் கைகொடுக்க, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை சொன்னார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்த இடது கையில் அவர் எதையும் தூக்கக் கூடாது. தட்டையான அடி, உயர்ந்த ஓரம், பெரிய குளிக்கும் தொட்டிபோல ஒரு படகு உருவானது. துடுப்பெல்லாம் கிடையாது. முன்னால் இரும்பு வளையம், அதில் கயிறு. தண்ணீரில் நடந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பின்னால் தண்ணீர் வடிய ஒரு துளை, அதற்கு மூடி. நடுவில் ஓர் இரும்பு நாற்காலி.

நாற்காலிதான் முக்கியம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும், தலை சுற்றும். கீழே உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். சும்மா வைத்த நாற்காலி என்றால் படகு ஆடும்போது கவிழ்ந்துவிடும். அதனால் நான்கு கால்களுக்கும் தகடு வைத்து, படகின் அடியைத் துளைத்து, போல்ட் போட்டு முடுக்கினார். துளை என்றால் பசை வேண்டும். தொட்டி வேலையில் கைக்குப் பழகிய பசை சிலிக்கான்தான். பாத்ரூம் மூலையிலும் மீன் தொட்டியிலும் பூசுகிறோமே, அதுவே. அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை, எனக்கு என்ன தெரியும்?

தொட்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் இருக்கும் பக்கத்தில்தான் பசை பூசுவார்கள். தண்ணீரே அழுத்தி அதைத் துளைக்குள் திணித்துக்கொள்ளும். தொட்டியில் தண்ணீர் இருப்பது உள்ளே. ஆகவே இவர் படகுக்கும் உள்பக்கமே தாராளமாகப் பூசினார். பிறகு சோதனை. படகை எங்கள் சந்துக்குக் கொண்டுவந்து செங்கல் மேல் ஏற்றி, குழாயைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பச் சொன்னார். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். மேல்வீட்டில் குடியிருக்கும் தம்பி, எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர், விசிலே அடித்தார். படகுக்குள் தண்ணீரை நிரப்பி, வெளியே ஒழுகவில்லை என்று சந்தோஷப்பட்ட கூட்டம் நாங்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மழை வந்தது. டயாலிசிஸ் நாளும் வந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நானும் மேல்வீட்டுத் தம்பியும் கயிற்றைப் பிடித்தோம். பாதித் தெரு தாண்டுவதற்குள் படகு கனத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கால்களை நாற்காலிச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நிக்காதீங்க. இழுங்க" என்றார்.

வெளியிலிருந்து தள்ளிய தண்ணீர் உள்பக்கத்துச் சிலிக்கானைச் சுலபமாக உரித்துவிட்டிருந்தது. போல்ட் போட்ட இடமெல்லாம் ஊற்று. மெயின் ரோட்டு மேட்டை எட்டும்போது சாக்கடைத் தண்ணீர் அவர் முழங்கால்வரை நின்றது. அவருடைய கணுக்காலில் ஏற்கெனவே ஆறாத புண் இருந்தது. டயாலிசிஸ் நடந்தது, ஆனால் மறுநாளே காய்ச்சல். புண்ணில் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தார். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கடைசியாக ஒரு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயமும் பலவீனமாகிவிட்டது, மாற்று சிறுநீரகம் வைக்கிற பேச்சு இனி வேண்டாம் என்றார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

கட்டிலில் படுத்தபடியே அவர் வேறொன்றைப் பற்றித்தான் பேசினார்.

"தொட்டியாவே நெனச்சிட்டேன்மே. தண்ணி உள்ளருந்து தள்ளும்னு கை சொல்லுது, நானும் கேட்டுக்கினேன்."

"அந்தப் படக ஒடச்சி அடுப்புல போடறேன் இருங்க" என்றேன்.

"ஃபைபர் அடுப்புல எரிஞ்சா வூடு நாறும்" என்றார். கோபத்தில்கூட அந்த மனிதரிடம் சண்டை போட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பழுது பார்க்க ஆரம்பித்தோம். இந்தமுறை என் கைதான். சிலிக்கான் பாலாடை போல உரிந்து வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. உரித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு தங்கிவிடுகிறது. அதன்மேல் எந்தப் பசையும் ஒட்டாது. அவர் விரலை நனைத்து ஒரு சொட்டு வைத்துக் காட்டினார்; தாமரை இலையில் உருளுவது போல உருண்டு ஓடியது. "உருளக் கூடாது, பரவணும். பரவுற வரிக்கும் தேய்" என்றார். மணல்தாள் வைத்துத் தேய்த்தேன். ஃபைபர் தூள் முழங்கைவரை ஏறி, இரவெல்லாம் அரித்தது. சொட்டு வைத்துப் பார்ப்பதும் திரும்பத் தேய்ப்பதுமாகப் போனது அந்த வாரம்.

பிறகு புதுப் பசை வாங்கக் கலாசிபாளையம் போனோம். பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை. ஆட்டோவிலிருந்து இறங்கி நாலெட்டு நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கடைக்காரர் ஸ்டூல் போட்டார். இவர் படகு என்றதும் அவர் கண்ணை விரித்தார், ஆனால் கிண்டல் செய்யவில்லை. இரண்டு வகை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒன்று பி.யு. என்கிற பாலியூரித்தேன், பஸ்ஸின் முன்கண்ணாடியை ஒட்டுகிற பசை. "ஒம்மே ஹிடித்ரெ அஷ்டே சார். ஒருதடவ பிடிச்சா விடாது. அப்புறம் எடுக்கணும்னா பாடிய அறுத்துதான் எடுக்கணும்." மற்றொன்று இரண்டு டப்பாவாக வருவது, பாலிசல்பைடு. கலந்து பூச வேண்டும், முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும். சாக்கடை, பெட்ரோல், எதற்கும் அசையாது. ஆனால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய கத்தியை விட்டு மெதுவாக அறுத்தால் சாமான் சேதமில்லாமல் வந்துவிடும்.

"தண்ணி ரெண்டுலயும் வராது சார். ஒண்ணே கேள்விதான். பின்னாடி கழட்ட வேண்டி வருமா, வராதா?" என்றார் கடைக்காரர்.

இவர் யோசிக்கவே இல்லை. முன்னமே தீர்மானித்து வைத்திருந்தவர் போலச் சொன்னார். "வளையத்துக்கும் மூடிக்கும் பி.யு. நாற்காலிக்குக் கழட்டுறது."

எனக்கு முதலில் புரியவில்லை. "நாற்காலிய இன்னாத்துக்குக் கழட்டணும்? அதுதான கெட்டியா நிக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். "எப்பவுமா நாற்காலி வேணும்? எனக்கப்புறம் அத்த எடுத்துட்டா தெருவுல புள்ளத்தாச்சி, கெழவன் கெழவின்னு நாலு பேரு உக்காரலாம். அரிசி மூட்ட போடலாம். ஒரு ஆளுக்கா ஒரு படகு?"

கடைக்காரர் எழுந்து உள்ளே போனார், எதையோ தேடுவது போல.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தேய்த்துத் தேய்த்து என் கை புண்ணாகிக் கிடக்கிறது. இவர் என்னடா என்றால், தான் போன பிறகு எது எங்கே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார். அதுவும் ஸ்பேனரும் கத்தியும் வைத்து இவர் உட்கார்ந்த இடத்தைப் பெயர்ப்பதற்கு வசதியாக. அழுகை வந்தது. கடை என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"கழட்டுறது வாணாம். அது கழண்டு வர்ற பேச்சே இருக்கக் கூடாது. நீங்க இருக்கீங்க, நாற்காலி இருக்கும். அவ்ளோதான்."

"ஒரு பசைக்கு இவ்ளோ கத்துறியே..."

"ஆமா, பசைக்குத்தான் கத்துறேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோயில் கிடக்கிறவர்கள் சில சமயம் நம்மைப் பார்த்து இரக்கப்படுவார்கள், அதைத் தாங்க முடியாது. பிறகு அழுகிய முட்டை டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"சரி. எல்லாத்துக்கும் பி.யு.வே குடுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்தது. அந்த நாற்காலி பெயராதவரை இவரும் பெயர மாட்டார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படகைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் வருகிற வெளிப்பக்கத்தில் பூசினோம். போல்ட்டைச் சுற்றி, தகட்டுக்கு அடியில், துளையின் உள்ஓரத்தில் எல்லாம் பூசினேன். உடனே முழுக்க முடுக்காதே, பசை எல்லாம் பிதுங்கி வந்துவிடும், பாதி முடுக்கி ஒருநாள் விடு என்றார். அப்படியே செய்தேன். நாற்காலிக் காலுக்கு மட்டும் அவர் சொன்னதைவிட அதிகமாகப் பூசினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மழையில் ஆள் ஏற்றுவதற்கு முன் மேல்வீட்டுத் தம்பி நாற்காலியில் மணல் மூட்டையைக் கட்டி, காலையெல்லாம் படகை மிதக்க விட்டார். படகின் உள்ளே அடியைத் தடவிப் பார்த்தேன். கை ஈரமாகவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் ஒருமுறைகூட டயாலிசிஸ் தவறவில்லை. தண்ணீர் நிற்கிற நாளில் நான் முன்னால் இழுப்பேன், தம்பி வேலைக்குப் போகாத நாளில் பின்னால் தள்ளுவார். இவர் நாற்காலியில் ராஜாமாதிரி. "வாழ்க்கையிலயே மொத தடவயா டிரைவர் வெச்சி வண்டில போறேன்" என்பார். "டிரைவருக்கு மொதல்ல டீ வாங்கிக் குடுங்க" என்பேன். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். வீங்கிய கால், இறங்கும் ரத்த அழுத்தம், அவருக்கு அளந்து கொடுக்கிற குடிதண்ணீர், எல்லாவற்றுக்கும் நடுவில்.

பருவம் முடிகிற சமயத்தில், ஒருநாள் காலையில் அப்படித்தான் போனோம். படகை மெயின் ரோட்டு ஓரத்தில் கட்டிவிட்டு ஆட்டோ பிடித்தோம். தன் பிரஷர் மாத்திரைக்காக வீட்டுக்காரம்மாவும் கூட வந்திருந்தார். மெஷினில் போட்ட சற்று நேரத்தில் இவருக்கு இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தினார்கள், மின்சாரம் வைத்தார்கள். திரை போட்டிருந்த அந்தப் பக்கம் சத்தம் அடங்கியபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் எங்களை மெயின் ரோட்டில் இறக்கியது. தண்ணீருக்குள் வண்டி விட முடியாது என்றார் டிரைவர், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிணவறையில் வைத்து நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தம்பி போனில் விஷயம் கேட்டு, கேப்பை எங்கோ நிறுத்திவிட்டு ஓடிவந்தார். படகு கட்டிய இடத்திலேயே இருந்தது.

படுக்க வைக்க வேண்டுமே. நாற்காலி நடுவில் நின்றது. அதைச் சுற்றி ஆறடி ஆளைக் கிடத்த இடமில்லை. மடக்கினால் கால் வெளியே தொங்கும். தம்பி பஞ்சர் கடையில் ஸ்பேனர் வாங்கிவந்து நட்டுகளைக் கழற்றினார். நான்கும் வந்தன. நாற்காலி வரவில்லை. ஜாக்கி கம்பியை விட்டு நெம்பினார். படகின் அடி கிறீச்சிட்டது, வெள்ளையாகக் கோடு விழப் பார்த்தது. தகடு அசையவில்லை.

"அக்கா, இதுக்கு மேல நெம்புனா படகு ஒடஞ்சிடும்" என்றார். கம்பியைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

எங்கள் ஜனத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோகிற வழக்கம் கிடையாது. படுக்க வைக்கத்தான் வேண்டும். நான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டபடி விட்டிருந்தால் இந்நேரம் கத்தியால் அறுத்து எடுத்திருக்கலாம். நிம்மதியாகப் படுத்து வந்திருப்பார்.

வீட்டுக்காரம்மா குனிந்து என் தோளைப் பிடித்தார். லிங்காயத்துக்காரர் அவர். "அளபேட கணம்மா, அழாத. எங்க ஜனத்துல எல்லாரும் உக்காந்துதான் போறது. படுக்க வெக்கிறதே இல்ல. சாமி முன்னாடி உக்கார்ற மாதிரி உக்காந்து போவாங்க. உன் புருஷனும் அப்டியே போகட்டும்" என்றார்.

உட்கார வைத்தோம். நெஞ்சுக்குக் குறுக்கே என் துப்பட்டாவைக் கட்டினேன், தலை சாயாமல் இருக்க முதுகுச் சட்டத்தோடு ஒரு துண்டைக் கட்டினேன். தூறல் போட்டதால் அவருடைய மழைக்கோட்டைப் போர்த்தி, தொப்பியை நெற்றிவரை இழுத்து விட்டேன். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். தம்பி பின்னால் தள்ளினார். படகு லேசாக வந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நட்டு இல்லாமலே தகடுகள் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் காலடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தெருவில் யாருக்கும் இன்னும் விஷயம் தெரியாது. மாடிகளில் ஆட்கள் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் ஒரு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, இன்னிக்கி சீக்கிரமே வந்துட்டீங்க? ஒடம்பு பரவால்லியா?" என்று கூவினார்.

யாராவது இப்படிக் கேட்டால் இவர் கையைத் தூக்கிக் காட்டுவார். நான் கயிற்றை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றொரு கையைத் தூக்கிக் காட்டினேன்.